கடைசல்காரரின் முக்கோணங்கள்

1774ஆம் ஆண்டு வியன்னாவில் அச்சான டிரோல் வரைபடத்துக்கு, அந்தக் கால வழக்கப்படி மூச்சு முட்டும் நீளத்தில் ஒரு லத்தீன் தலைப்பு உண்டு. பேரரசி மரியா தெரேசாவின் நல்லாட்சியில் வரையப்பட்டது என்று தொடங்கும். இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஒருவர் மேற்பார்த்தார், யோஹான் எர்ன்ஸ்ட் மான்ஸ்ஃபெல்ட் என்பவர் செம்பில் வெட்டினார் என்று முடியும். வரைந்தவர்கள் பெயர் நடுவில் வருகிறது: பீட்டர் ஆனிக், பிளாசியுஸ் ஹூபர். அவர்களுக்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. ஓபர்பெர்ஃபஸ் ஊர்க் குடியானவர்கள் என்று மட்டும் போட்டிருக்கிறது.

இதில் அவையடக்கம் எதுவும் இல்லை. ஓபர்பெர்ஃபஸ் என்பது இன்ஸ்ப்ரூக் நகருக்கு மேற்கே, இன் ஆற்றுப் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கும் ஒரு மலைச்சரிவுக் கிராமம். இருவரும் அங்கே மாடும் நிலமும் வைத்துப் பிழைத்தவர்கள். ஆனால் அவர்கள் எழுதி வைத்துப் போனது 20 பெரிய தாள்களும் ஒரு சுருக்கத் தாளும் கொண்ட வரைபடத் தொகுதி. அளவுத்திட்டம் ஏறக்குறைய 1:103,800. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் சுமார் 104 மீட்டர். இன்றைய ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலமும் இத்தாலியின் தென் டிரோல், ட்ரென்டினோ பகுதிகளும் அதில் அடங்கும். ஐரோப்பாவிலேயே அளக்கக் கடினமான நிலங்களில் ஒன்று அது.

ஹாப்ஸ்பர்க் ஆட்சியை ஒரே நாடு என்று நினைத்துக்கொண்டால் அதன் வரைபடங்கள் புரியாது. ஆஸ்திரியா, போஹேமியா, மொராவியா, ஹங்கேரி, டிரோல், கார்னியோலா, இன்றைய பெல்ஜியத்தின் பெரும்பகுதி எல்லாம் ஒரே குடும்பத்தின் கைக்குத் திருமணத்தாலும் வாரிசுரிமையாலும் போராலும் வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனிச் சட்டம், பிரபுக்களும் மதகுருமார்களும் நகரத்தாரும் உட்காரும் தனி மாகாண அவை. வரைபடத்துக்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் அந்த அவைகள்தான். பணம் கொடுத்தவர்களுக்குத் தங்கள் மாகாணத்தையும் அதில் தங்கள் கோட்டைகளையும் பார்க்கத்தான் ஆசை. அதனால்தான் 16ஆம் நூற்றாண்டிலிருந்து நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மாகாண வரைபடங்களாக இருக்கின்றன.

அவற்றை வரைந்தவர்கள் கலவையான கூட்டம். 1561இல் ஆஸ்திரிய நிலங்களின் வரைபடத் தொகுதியை வெளியிட்ட வோல்ஃப்காங் லாட்சியுஸ் வியன்னாவில் மருத்துவர், வரலாற்றாசிரியரும்கூட. தகடுகளையும் அவரே பொறித்தார். மேல் ஆஸ்திரியாவை 1669இலும் கீழ் ஆஸ்திரியாவை 1670இலும் ஸ்டைரியாவை 1678இலும் வெளியிட்ட கியோர்க் மத்தேயுஸ் ஃபிஷர் ஒரு பங்குச் சாமியார். அவரும் டிரோலில், வென்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். கார்னியோலாவின் பிரபு வால்வாசோர் தன் கோட்டைக்குள்ளேயே செதுக்குப் பட்டறையும் அச்சகமும் வைத்து, தன் நாட்டை வரைந்தும் எழுதியும் சொத்தை முழுக்கத் தீர்த்தார். இப்படி மருத்துவர், பாதிரியார், பிரபு என்று ஆள் மாறினாலும் முறை அதிகம் மாறவில்லை. ஊர் ஊராகப் போவார்கள், திசைகாட்டியில் திசை பார்ப்பார்கள், தூரத்தைப் பயண நேரத்தை வைத்தும் உள்ளூர்க்காரர்களைக் கேட்டும் கணிப்பார்கள்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோஹான் கிறிஸ்டோஃப் முல்லர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். நியூரம்பெர்க் பக்கத்தில் பிறந்த இராணுவப் பொறியாளர். 1699இல் துருக்கியரோடு செய்துகொண்ட கார்லோவிட்ஸ் உடன்படிக்கைக்குப் பின் எல்லையை அளந்த குழுவில் வேலை பழகியவர். 1709இல் ஹங்கேரி, 1716இல் மொராவியா, 1720இல் 25 தாள்களில் போஹேமியா. வண்டிச் சக்கரத்தோடு இணைத்த ஒரு சுற்றெண்ணியை அவர் பயன்படுத்தினார். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியும். சில இடங்களில் வானியல் முறைப்படி அட்சரேகையும் பார்த்துச் சரிசெய்தார்.

சமவெளியில் இது நன்றாகவே வேலை செய்யும். மலையில்தான் சிக்கல். சக்கரம் அளப்பது பாதையின் நீளத்தை. வரைபடத்துக்கு வேண்டியதோ இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள நேர்த்தூரம். அதுவும் மேடுபள்ளத்தை நீக்கிய கிடைத்தூரம். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்குகூடப் போகும். இதைவிட மோசமான குறை வேறொன்று. சக்கரம் தவறு செய்தால், தவறு நடந்ததென்று காட்ட எந்த வழியும் இல்லை. முல்லர் 1721இல் வியன்னாவில் இறந்தார். அவருடைய போஹேமியா வரைபடத்தின் பிழைகள் அவருக்குப் பின் வளர்ந்த கதையைப் பிறகு பார்ப்போம்.

இப்போது ஆனிக்குக்கு வருவோம். 1723இல் பிறந்தவர். அப்பாவுக்கு விவசாயத்தோடு மரக்கடைசலும் தொழில், மகனுக்கும் அதே. கடைசல் தெரிந்தவனுக்கு வட்டமும் மையமும் கையோடு வரும். கிராமத்தில் இருந்துகொண்டே சூரியக் கடிகாரங்கள் அமைக்கப் பழகினார். சூரியக் கடிகாரம் என்பது எளிய சங்கதி அல்ல. சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது, ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று இரண்டும் தெரியாமல் மணிக்கோடுகளைப் போட முடியாது. 1751இல், 28 வயதில், இன்ஸ்ப்ரூக் சென்று இயேசு சபைத் துறவியான பேராசிரியர் இக்னாஸ் வைன்ஹார்ட் வாசலில் நின்று, எனக்குக் கணிதமும் வானியலும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். வயல் வேலை கெடாமல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் பாடம் நடந்தது.

இந்த இடத்தில் வைன்ஹார்ட்டுக்கும் ஒரு பாராட்டு சேர வேண்டும். வாசலில் வந்து நின்ற குடியானவரை அவர் உள்ளே அழைத்தார், பல ஆண்டுகள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், அரசாங்கத்திடம் சிபாரிசு செய்தார், ஆனிக் போன பிறகும் வேலையைக் கைவிடாமல் அச்சு வரை கொண்டுவந்தார். வரைபட வரலாறுகளில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

பாடத்தின் முதல் பலன்கள் இரண்டு கோளங்கள். 1756இல் விண்மீன்களைக் காட்டும் விண்கோளம், 1759இல் புவிக்கோளம். ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டம் கொண்ட அவை பல்கலைக்கழகத்துக்காகச் செய்யப்பட்டன. கடைசல்காரரின் கையும் வானியல் மாணவரின் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த வேலை. அதற்குப் பிறகு அவரிடம் நில அளவையை ஒப்படைக்க அரசு தயங்கவில்லை. 1760 முதல் அவர் டிரோல் மலைகளில் ஏறத் தொடங்கினார்.

அவர் கையாண்டது முக்கோண முறை. தத்துவம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் தரையில் கவனமாக அளந்தால் போதும். அதற்கு அடிக்கோடு என்று பெயர். மற்றதெல்லாம் கண்ணும் கோணமும். ஆற்றைக் கடக்க வேண்டாம், பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டாம், சிகரத்தின் உச்சியைத் தொட வேண்டாம். அங்கிருந்து தெரிந்தால் போதும்.

ஆனால் எந்த முக்கோணமும் ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 மீட்டர் அடிக்கோடு. இரண்டு முனைகளிலிருந்தும் ஒரு கோயில் கோபுரத்தைப் பார்க்கிறோம். இரண்டு இடத்திலும் கோணம் 60 பாகை. சமபக்க முக்கோணம், கோபுரம் 1,000 மீட்டரில் இருக்கிறது. ஒரு முனையில் கவனக்குறைவாக 61 பாகை என்று படித்துவிட்டால்? விடை 1,020 மீட்டர் என்று வரும். 20 மீட்டர் பிழை. ஆனிக்கின் அளவுத்திட்டத்தில் அது 0.2 மில்லிமீட்டர், செதுக்கியவரின் கோட்டுத் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும்.

அதே அடிக்கோட்டிலிருந்து தூரத்துச் சிகரம் ஒன்றைப் பார்க்கிறோம். கோணங்கள் 80, 85. சிகரம் சுமார் 3,850 மீட்டர் தள்ளி இருக்கிறது. 85 பாகையை 86 என்று படித்தால் விடை 4,120 மீட்டரைத் தாண்டும். அதே ஒரு பாகைத் தவறு, ஆனால் பிழை 270 மீட்டருக்கு மேல். வரைபடத்தில் இரண்டரை மில்லிமீட்டருக்கும் அதிகம். ஒரு கிராமம் ஆற்றின் மறுகரைக்குப் போய்விட அது தாராளமாகப் போதும். ஒல்லியான முக்கோணம் பிழையைப் பெருக்கும், பருத்த முக்கோணம் அடக்கும். நல்ல சர்வேயரின் திறமையில் பாதி எந்த இடத்தில் நின்று பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பள்ளத்தாக்குகள் குறுகி, எதிர்மலை கண்ணை மறைக்கும் டிரோலில் நல்ல முக்கோணம் கிடைக்க வேண்டுமானால் ஏறித்தான் ஆக வேண்டும். மலையில் பிறந்தவருக்கு எந்த மேட்டிலிருந்து எந்தக் கோபுரம் தெரியும் என்ற உணர்வு இருக்கும். வெளியூர் அதிகாரிக்கு அது எளிதில் வராது.

முக்கோண முறைக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. மூன்றாவது முனைக்கும் போய்க் கோணத்தை அளந்தால் மூன்றும் சேர்ந்து 180 பாகை வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ தவறு. வண்டிச் சக்கரத்தால் செய்ய முடியாததை இது செய்கிறது: அளந்தவருக்கே அவருடைய தவறைக் காட்டிக்கொடுக்கிறது.

கோணம் மட்டும் வரைபடமாகாது. ஊர்ப் பெயர், பண்ணை வீடுகளின் பெயர், ஓடையின் பெயர், கோடைக்கு மாடு ஓட்டிப்போகும் மேய்ச்சல் மேட்டின் பெயர் எல்லாம் வேண்டும். ஆனிக் அந்த மக்களின் பேச்சையே பேசுகிறவர். அவர் கேட்டால் பெயர் கிடைக்கும், கேட்ட பெயரை எழுதவும் அவருக்குத் தெரியும். இந்த வரைபடத்தில் பெயர்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வடக்குப் பகுதி முடிந்து தெற்கே இறங்கியபோது மலைகள் அல்ல, பள்ளத்தாக்குதான் அவரைச் சாய்த்தது. இத்தாலியர்கள் ஆடிஜே என்றும் ஜெர்மானியர்கள் எட்ச் என்றும் சொல்லும் ஆற்றின் கரைகள் அப்போது சதுப்பு நிலம். கொசுவும் காய்ச்சலும் நிறைந்த பூமி. மலேரியா என்று இன்று நாம் சொல்லும் காய்ச்சல் அங்கே அவரைப் பிடித்தது. 1765இல் அதே ஊர்க்காரரான பிளாசியுஸ் ஹூபர் உதவிக்கு வந்து, கூடவே வேலை கற்றுக்கொண்டார். பேரரசி ஒரு தங்கப் பதக்கமும் ஆண்டுக்கு 200 கில்டன் உதவித்தொகையும் அறிவித்தார். அறிவிப்பு வந்த சிறிது காலத்திலேயே, 1766 செப்டம்பர் 1ஆம் தேதி, 43 வயதில் ஆனிக் இறந்தார். அரசாங்க மரியாதை வந்து சேரும் வேகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. தெற்கில் எஞ்சியதை ஹூபர் அளந்து முடித்தார்.

கையால் வரைந்த தாள் பிறகு செதுக்குபவர் மேசைக்குப் போகும். மான்ஸ்ஃபெல்ட் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில், கூர்மையான எஃகு உளியைக் கையால் தள்ளிக் கோடு வெட்ட வேண்டும். எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்க வேண்டும், ஆயிரக்கணக்கான பெயர்களின் ஒவ்வொரு எழுத்து உட்பட. தவறினால் அழிக்க ரப்பர் கிடையாது. அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, தகட்டைத் திருப்பிப்போட்டுப் பின்னாலிருந்து தட்டிச் சமப்படுத்தி, மெருகிட்டு, மறுபடி வெட்ட வேண்டும். முடிந்த தகட்டில் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்தால் வெட்டிய பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தும்போது தாள் அந்தப் பள்ளத்துக்குள் போய் மையை எடுத்துவரும். ஒவ்வொரு அழுத்தத்திலும் தகடு தேயும். அதனால் முதலில் எடுத்த பிரதிகளே கூர்மையாக இருக்கும்.

அப்படி அச்சான தாளில் என்ன இருக்கிறது? மலைகளை உயரக் கோடுகளால் காட்டும் வழக்கம் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மலையும் ஒரு பக்கம் நிழலிட்ட குன்றாக, சாய்வாகப் பார்த்தது போல நிற்கிறது. அழகுதான், ஆனால் சரிவு எவ்வளவு செங்குத்து என்று அதிலிருந்து சொல்ல முடியாது. இது அந்தக் காலத்து எல்லா வரைபடங்களுக்கும் உள்ள குறை. குறியீடுகளின் பட்டியல்தான் உண்மையான புதையல். கிராமம், கோயில் உள்ள கிராமம், கோட்டை, இடிந்த கோட்டை, சுரங்கம், ஆலை, மருத்துவக் குளியல் ஊற்று, திராட்சைத் தோட்டம், மேய்ச்சல் குடிசை என்று நீண்டுகொண்டே போகிறது. அந்த மாகாணம் எதை வைத்துப் பிழைத்தது என்பதை வரிக்கணக்கைவிட இந்தப் பட்டியல் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

பனியாறுகளும் உண்டு. டிரோலின் பனியாறுகளை முதலில் வரைபடத்தில் ஏற்றியவர் ஆனிக் அல்ல. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்முண்ட் இக்ல் என்ற டிரோல்காரர் வெளியிட்ட மரச்செதுக்கு வரைபடத்திலேயே நிரந்தரப் பனிப்பரப்பு காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஆனிக்கும் ஹூபரும் காட்டியவை அளவையின் மேல் நிற்பவை. ஆல்ப்ஸ் மலைகளில் பனியாறுகள் இன்றைவிட மிகப் பெரிதாக இருந்த, குளிர் மிகுந்த காலகட்டம் அது. புகைப்படம் பிறப்பதற்கு முன் பனி எதுவரை இறங்கியிருந்தது என்று தேடும் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தத் தாள்கள் ஒரு சாட்சி. ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பனியின் விளிம்பை மீட்டர் சுத்தமாக இதிலிருந்து அளக்க முயல்வது வீண். அவர்கள் அளந்தது சிகரங்களையும் கோபுரங்களையும். பனியின் ஓரத்தைக் கண்ணால் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள்.

இதே ஆண்டுகளில் பேரரசின் இராணுவம் வேறொரு பிரம்மாண்டமான வேலையில் இறங்கியிருந்தது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரிலும் சைலேசியா பிரஷ்யாவிடமிருந்து திரும்பக் கிடைக்கவில்லை. சொந்த நிலத்துக்கே நல்ல வரைபடம் இல்லாமல் படை நடத்திய கசப்பு தளபதிகளுக்கு. 1764இல் மரியா தெரேசா தன் நிலங்களை அளக்க ஆணையிட்டார். 1787 வரை, அவர் மகன் இரண்டாம் யோசப் காலத்திலும் தொடர்ந்த இந்த அளவையை யோசப் அளவை என்றே அழைக்கிறார்கள். அளவுத்திட்டம் 1:28,800. இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் வியன்னா அளவுமுறை: தாளில் ஓர் அங்குலத்துக்குத் தரையில் 400 கிளாஃப்டர், ஒரு கிளாஃப்டர் 6 அடி, அதாவது 72 அங்குலம். 400ஐ 72ஆல் பெருக்கிப் பாருங்கள். 3,500க்கும் மேற்பட்ட தாள்கள், எல்லாம் கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை. கூடவே சாலை, பாலம், ஆற்றின் ஆழம், படை தங்கத் தகுந்த கட்டடம் என்று எழுத்தில் ஒரு விவரணை. அச்சிடவில்லை, பரம ரகசியம்.

விவரத்தில் அதற்கு ஈடு அந்தக் காலத்தில் குறைவு. அடித்தளத்தில்தான் ஓட்டை. அவசரத்தில், பேரரசு முழுவதையும் கட்டிப்போடும் ஒரே முக்கோண வலையை அமைக்காமலே அதிகாரிகள் வேலையைத் தொடங்கினார்கள். போஹேமியாவில் முல்லரின் 1720 வரைபடத்தையே பெரிதாக்கி அடித்தாளாக வைத்துக்கொண்டார்கள். முல்லரின் அளவுத்திட்டம் 1:132,000 அளவில் இருந்தது. அதை 1:28,800க்குக் கொண்டுவர நாலரை மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். படம் பெரிதானபோது வண்டிச் சக்கரத்தின் பிழைகளும் நாலரை மடங்கு பெருத்தன. அந்த எலும்புக்கூட்டின் மேல் அதிகாரிகள் கண்பார்வையால் வீடு, வேலி, புதர் வரை போட்டார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்துத் தாள்களை ஒட்ட முயன்றால் பல இடங்களில் சேராது. இந்தக் குறை தெரிந்ததால்தான் 1806இல் தொடங்கிய இரண்டாம் அளவையில் முக்கோண வலைக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

இந்தக் குறையை ஆள் பற்றாக்குறையின் மேல் போட முடியாது. நெதர்லாந்தில் இருந்த ஹாப்ஸ்பர்க் பகுதியைத் தளபதி ஃபெராரிஸ் தன் பீரங்கிப் படைப் பள்ளி மாணவர்களை வைத்து 1771 முதல் 1778 வரை அளந்து, 1:11,520 அளவில் 275 தாள்களாகக் கொடுத்தார். ஆள் இருந்தார்கள். இல்லாமல் போனது வலையை முதலில் அமைக்கும் பொறுமைதான்.

டிரோலை யோசப் அளவை தொடவேயில்லை. ஆனிக்கும் ஹூபரும் தந்த வரைபடம் ஏற்கெனவே கையில் இருந்ததே அதற்குச் சொல்லப்படும் காரணம். எதிரிக்கும் அது பயன்பட்டது. 1808இல் பிரெஞ்சு இராணுவ அளவைத் துறை அதைச் சுருக்கி 6 தாள்களில் வெளியிட்டது. ஆனிக், ஹூபர் இருவரின் பெயரையும் தலைப்பிலேயே போட்டது. ஹூபர் அதற்கு முன்பே பக்கத்து மாகாணமான ஃபோரார்ல்பெர்கை அளந்து, 1783இல் அதன் வரைபடமும் வந்துவிட்டிருந்தது. அவர் 1814 வரை வாழ்ந்தார்.

ஆனிக்கின் தொகுதியும் யோசப் அளவையின் தாள்களும் இன்று இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. மூலையில் உள்ள அலங்காரச் சட்டத்தையும் தேவதைகளையும் பிறகு ரசித்துக்கொள்ளலாம். முதலில் ஏதாவது ஒரு நெடுஞ்சாலையைப் பிடித்து, அது ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குத் தாண்டும் விளிம்பு வரை தொடருங்கள். மறுபக்கம் அதே இடத்தில் சாலை தொடங்கினால் அங்கே யாரோ அளந்திருக்கிறார்கள். விலகித் தொடங்கினால் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.